கல்விக் கொடைஞர் ராஜா சேர் அண்ணாமலைச் செட்டியார்

பொருளை ஈட்டுவது ஒரு திறமை. ஈட்டிய பொருளை ஊருக்குப் பயன்படச் செய்வது வேறொரு திறமை. முன்னது வாய்த்தவர் பலர். பின்னது வாய்த்தவர் சிலர். மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு. தாம் கொடுப்பதோடு அமையாது, நாட்டை ஆளும் அரசினரையும் நற்பணிக்குக் கொடுக்கச் செய்வது அது. இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற பெருமகனார் ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்விக்கும் கலைக்கும் அரசினர் பணம் செலவிடல் வேண்டுமா, அன்றிச் செல்வர்களின் நன்கொடைக்கே அவற்றை விட்டுவிடலாமா என்னும் வினா இந்நாளில் மீண்டும் எழுகின்றது. 2022 ஆம் ஆண்டு நம் நாட்டைத் தாக்கிய பொருளாதார நெருக்கடிக்குப் பின் அவ்வினா வலுப்பெற்றும் உள்ளது. தொழில் நடத்தி வரி செலுத்துவோருட் சிலர், தம் வரிப்பணம் கலாசாலைகளிற் செலவாவதை மனக்குறையோடு நோக்குகின்றனர். வேண்டுவோர்க்கு நாமே நம் கையாற் கொடுப்போம், இடையில் அரசினர் எதற்கு என்று கேட்போரும் உளர். இலவசக் கல்வியின் துணையாற் பல்கலைக்கழகம் புகுந்த என்போன்றோர்க்கு இவ்வினா வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. அண்ணாமலைச் செட்டியாரின் வாழ்வும், அவர் நாட்டிய பல்கலைக்கழகத்தின் வாழ்வும் இதற்கு விடை காண நமக்குப் பெரிதும் துணைசெய்யும்.

பிறப்பும் குடியும்

தமிழகத்தின் தென்பால், மழை குறைந்த செம்மண் நிலமாகிய செட்டிநாட்டிலே, கானாடுகாத்தான் என்னும் ஊரில், 1881 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 30 ஆந் தேதி அண்ணாமலைச் செட்டியார் பிறந்தார். தந்தையார் பெயர் முத்தையா செட்டியார். அவருடைய மக்களுள் இவரே இளையவர். நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் இவ்வணிகக் குலத்தார் ஒன்பது நகரக் கோயில்களைத் தம் குடிக்கு நிலைக்களமாகக் கொண்டவர். சிவநெறியிற் பற்று மிக்கவர். சொந்த நிலம் பொய்த்தமையாற் கடலை நம்பியவர் என்று அவர்களைச் சொல்லலாம். இலங்கை, பர்மா, மலாயா, இந்தோசீனம் ஆகிய நாடுகளெல்லாம் அவர்கள் கொண்டுவிக்கப் போன நாடுகள். கொழும்புச் செட்டியார் தெருவும், அங்கே எழுந்துள்ள கதிரேசன் கோயில்களும் அவர்கள் நம் நாட்டில் விட்டுச்சென்ற சுவடுகளாம்.

நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் இளமையிலேயே தொழிலுக்குப் பழக்கப்படுவர். பெட்டியடியில் அமர்ந்து பேரேடு எழுதவும், வட்டி கணக்கிடவும், மனிதரை எடைபோடவும் கற்றபின்னரே பையன் அடுத்த படிக்கு உயர்வான். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் இவ்வொழுக்கமே அண்ணாமலைச் செட்டியாரின் கொடையிலும் பிற்காலத்தில் வெளிப்பட்டது எனலாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாரி வழங்கியவர் அல்லர். ஒவ்வொரு காசும் எங்கே நிற்கும், எத்தனை காலம் நிற்கும் என்று கணக்கிட்டு வழங்கியவர்.

பர்மாவும் பணமும்

வரலாறு எழுதுவோர் புகழை மட்டும் எழுதினாற் போதாது. செல்வம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதல் வேண்டும். நகரத்தார் செல்வத்தின் பெரும்பகுதி பர்மாவில் விளைந்தது. ஆங்கிலேயர் 1852 இல் கீழ்ப் பர்மாவைக் கைக்கொண்ட பின்னர், ஐராவதி ஆற்றுப் படுகையிற் காடு திருத்தி வயலாக்கிய உழவர்க்கு முதல் தேவைப்பட்டது. ஐரோப்பியரின் வங்கிகள் அவ்வுழவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கடன் கொடுத்தவர் செட்டிமார்களே. அக்கடனால் நெல் விளைந்தது. பர்மா உலகத்துக்கே அரிசி அனுப்பும் நாடாயிற்று.

ஆனால் 1930 ஐ அடுத்த ஆண்டுகளில் உலகெங்கும் விலைவாசி சரிந்தது. நெல்லின் விலையும் வீழ்ந்தது. உழவர் கடனை அடைக்க இயலாது நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930 இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டிமார் நிலவுடைமை, 1938 அளவில் நூற்றுக்கு 25 பங்காக வளர்ந்தது. நிலம் தேடிச் சென்றவர் அல்லர் அவர். கைக்கு வந்த நிலமோ அவர்க்குப் பகையைத் தேடித் தந்தது. இவ்வுண்மையை நாம் மறைத்தல் ஆகாது. எந்த வணிகனுடைய செல்வமும் அவன் ஒருவனுடைய உழைப்பால் மட்டும் ஆவதன்று. உழுதவன், சுமந்தவன், வாங்கியவன், சாலை அமைத்த அரசு, வழக்கைத் தீர்த்த நீதிமன்றம் இத்தனையும் சேர்ந்தே ஒருவனைச் செல்வனாக்குகின்றன. ஆதலால் ஊர்ப் பணியின் பொருட்டு அவன் கொடுப்பது தானம் என்பதிலும், திருப்பிச் செலுத்தும் கடன் என்பதே பொருந்தும்.

மகமை என்னும் வழக்கு

இக்கடமையை நகரத்தார் பண்டே உணர்ந்திருந்தனர் என்பதற்கு அவர்களின் மகமை வழக்கே சான்று. வாணிகத்தில் நடைபெறும் கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு பங்கை அறத்துக்கென்று எடுத்து வைப்பதே மகமை. அதனைச் செலுத்துவது மனம் வந்தாற் கொடுத்து மனம் வராவிடிற் கொடாது விடும் செயல் அன்று. பேரேட்டிலேயே அதற்கென்று பற்று வரவு உண்டு. வல்லவன் மிகுதியும் எளியவன் குறைவுமாகத் தொழிலின் அளவுக்கேற்ப எல்லாரும் செலுத்துவர். கோயில்களின் திருப்பணியும், சத்திரங்களும், வேத தேவார பாடசாலைகளும் இவ்வாறு நடைபெற்றன. யாழ்ப்பாணத்துப் பெரியோர்க்கும் மகமை என்னும் சொல் புதிதன்று.

இளைஞர்களே, இதனைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். மகமைக்கும் வரிக்கும் என்ன வேற்றுமை? ஒரு குலத்தார் தம்முட் கூடித் தம்மீதே விதித்துக்கொள்வது மகமை. ஒரு நாட்டார் தம் பிரதிநிதிகள் வாயிலாகத் தம்மீதே விதித்துக்கொள்வது வரி. மகமை கொடுத்துப் பழகிய கை, கல்விக்காக வரி கொடுக்கத் தயங்குதற்கு நியாயம் இல்லை. தனிக் கொடையினும் ஒழுங்கான பங்கே நிலையானது என்பதை வணிகரைப்போல அறிந்தவர் வேறு யாவர்?

தில்லையில் ஒரு கல்லூரி

அண்ணாமலைச் செட்டியாரின் தமையனார் திவான் பகதூர் இராமசாமிச் செட்டியார் பொதுப்பணியிற் சிறந்தவர். 1906 இற் சென்னையில் ஆர்பத்நட் என்னும் ஆங்கில வணிக நிலையம் முறிந்து பல குடும்பங்கள் நிலைகுலைந்தன. அதனை அடுத்து 1907 இல் நம்மவர்க்கென்று இந்தியன் வங்கி தொடங்கப்பட்டபோது அதில் முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். சிதம்பரத்தில் ஓர் உயர்தரப் பாடசாலையையும் அவர் நிறுவினார். தமையனார் விட்ட இடத்திலிருந்து தம்பியார் தொடர்ந்தார்.

1920 ஆம் ஆண்டு சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியை அண்ணாமலைச் செட்டியார் தொடங்கினார். நடராசப் பெருமான் ஆடும் அத்திருத்தலத்தில், அதற்கு 56 ஆண்டுகளின் முன்னரே, 1864 இல், நம் நல்லைநகர் ஆறுமுகநாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார் என்பதை ஈழத்தவராகிய நாம் மறத்தல் இயலாது. நாவலர் பெருமான் விதைத்தது பாடசாலை; செட்டியார் விதைத்தது கல்லூரி. அந்நாளில் அப்பகுதிப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்குப் பெரும்பாலும் சென்னைக்கோ, கும்பகோணத்துக்கோ, திருச்சிராப்பள்ளிக்கோ போகவேண்டியிருந்தது. பெருநகரில் விடுதிக்குப் பணம் கட்ட இயலாத சிற்றூர்ப் பிள்ளைக்கு அருகில் அமைந்த கல்லூரி எத்துணை அரிய பேறு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நாளடைவிலே தமிழுக்கும், வடமொழிக்கும், இசைக்கும் எனத் தனித்தனிக் கல்லூரிகள் அதனருகே எழுந்தன.

பல்கலைக்கழகம் பிறந்த வகை

செட்டியார் விரும்பியிருப்பின் இத்துடன் நின்றிருக்கலாம். தம் பெயராற் சில கல்லூரிகள், தம் குடும்பத்தாரே நிருவாகிகள், ஆண்டுதோறும் ஒரு விழா என்று அமைந்திருக்கலாம். அவர் அவ்வாறு நிற்கவில்லை. அக்கல்லூரிகள் எல்லாவற்றையும், அவற்றோடு 20 லட்சம் ரூபாவையும் ஒரு பல்கலைக்கழகம் அமைத்தற்பொருட்டு அளிக்க முன்வந்தார். அந்நாளில் 20 லட்சம் என்பது சிற்றரசர்க்கும் எளிதிற் கூடாத தொகை. ஆயினும் பல்கலைக்கழகம் ஒன்றினை ஒரு வீட்டின் செல்வத்தால் என்றென்றும் தாங்க இயலாது என்பதை அவருடைய பேரேட்டு அறிவு அவருக்கு உணர்த்தியிருத்தல் வேண்டும். சென்னை அரசினரும் தம் பங்காக நிதி அளிக்க உடன்பட்டனர். சென்னைச் சட்டசபை இயற்றிய சட்டத்தினால் 1929 ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. மாணவர் அங்கேயே தங்கிப் பயிலும் பல்கலைக்கழகம் அது. ஊருக்கு வெளியே எழுந்த அக்கல்வி நகரமும் அண்ணாமலை நகர் என்றே பெயர் பெற்றது. 1923 இற் சேர் பட்டம் பெற்றிருந்த செட்டியாருக்கு, 1929 இற் பரம்பரை ராஜாப் பட்டமும் வழங்கப்பட்டது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வணிகர் பணமும் அரசினர் பணமும் ஒன்றையொன்று விலக்கவில்லை, ஒன்றையொன்று அழைத்தன. செட்டியார் கொடுத்தமையால் அரசினர் கொடுத்தனர். அரசினர் கொடுப்பர் என்றமையாற் செட்டியாரின் கொடைக்கு நிலைபேறு உண்டாயிற்று. நான் கொடுக்கிறேன், ஆதலால் அரசு கொடுக்க வேண்டியதில்லை என்பது அன்று அவர் வழி. நான் கொடுக்கிறேன், ஆதலால் அரசும் கொடுத்தே தீரவேண்டும் என்பதே அவர் செயலின் பொருள்.

இதனாற் குறையே இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆளுநர் வேந்தராக, செட்டியார் இணைவேந்தரானார். அப்பதவி அவருக்குப்பின் மகனுக்கும், அவர்க்குப்பின் பேரனுக்கும் சென்றது. பொதுப்பணம் சேர்ந்த ஒரு நிலையத்தில் ஒரு குடும்பத்தின் சொல்லுக்குத் தனி இடம் இருந்தது. கொடையோடு அதிகாரமும் ஒட்டிக்கொண்டு வருதல் உலக வழக்கு. நாம் ஒரு கொடையைப் போற்றும்போது இதனையும் உடன்வைத்து எண்ணல் வேண்டும்.

ஈழத்தவர் பெற்ற பேறு

அப்பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியப் பதவியை முதன்முதல் அணிசெய்தவர் நம்மவர் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நிமிர்கின்றது. கிழக்கிலங்கைக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931 ஆம் ஆண்டு அப்பதவியை ஏற்றார். இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, ஈழத்திற் பல பாடசாலைகளை நடத்திக்கொண்டிருந்த அவரை அழைத்து அப்பீடத்தில் அமர்த்திய பெருமை அண்ணாமலை நகருக்கு உரியது. பின்னர் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அவரே அமர்ந்தார். பழந்தமிழரின் இசைக்கருவியை ஆராய்ந்து அவர் ஆக்கிய யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது.

கத்தோலிக்கக் குருவாகிய தனிநாயக அடிகளும் ஈழத்தவரே. 1945 ஐ அடுத்த ஆண்டுகளில் அவர் அண்ணாமலை நகரில் மாணவராய் அமர்ந்து தமிழிலக்கியத்தை முறையாகப் பயின்றார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 இல் உருவாவதற்கும், முதலாவது தமிழாராய்ச்சி மகாநாடு 1966 இற் கோலாலம்பூரில் நடைபெறுதற்கும் முன்னின்று உழைத்தவர் அவர். சைவ வணிகர் ஒருவர் நாட்டிய கலாசாலையிலே கிறித்தவத் துறவி ஒருவர் தமிழ் கற்று, அத்தமிழை உலகெங்கும் கொண்டுசென்றார். கொடையாளியின் குலமும் சமயமும் யாதாயினும், பொதுச் சட்டத்தாலும் பொதுப் பணத்தாலும் நடைபெறும் நிலையத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இசைக்கு ஒரு வீடு

கல்விக்குச் செய்ததைச் செட்டியார் கலைக்கும் செய்தார். அந்நாளிலே தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளிற் பெரும்பாலும் தெலுங்குக் கீர்த்தனங்களும் வடமொழிக் கீர்த்தனங்களுமே ஒலித்தன. தமிழ்ப் பாட்டு கச்சேரியின் இறுதியிற் சில்லறையாகப் பாடப்படுவதாயிற்று. கேட்போர் தமிழர், பாடுவோர் தமிழர், பாட்டு மட்டும் தமிழ் அன்று. இந்நிலையை மாற்றச் செட்டியார் முனைந்தார். 1941 ஆம் ஆண்டு அண்ணாமலை நகரில் தமிழிசை மகாநாடு கூடியது. 1943 இற் சென்னையிலே தமிழிசைச் சங்கம் தோன்றியது. இசைக்கு மொழி வேலி எதற்கு என்று எதிர்த்தவர்களும் பெரும் வித்துவான்களே. வாதம் சூடாகவே நடந்தது. ஆயினும் பிறமொழிப் பாட்டை விலக்குவது இவ்வியக்கத்தின் கருத்தன்று. தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடத்தைத் தருவதே கருத்து. அவர் மறைவின் பின் எழுந்த ராஜா அண்ணாமலை மன்றமும், தேவாரப் பண்களை ஆராயும் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களும் அம்முயற்சியின் தொடர்ச்சியாம்.

இங்கும் இரு கைகளின் வேலை தெரிகின்றது. சபையும் மகாநாடும் செல்வர் கொடையால் நடக்கும். ஒரு நாள் கச்சேரிக்கு ஒரு செல்வர் போதும். ஆனால் நான்கு ஆண்டுகள் மாணவனை இருத்திச் சுரம் பயிற்றவும், ஆசிரியருக்கு மாதந்தோறும் சம்பளம் தரவும், பாடல்களைச் சுரதாளக் குறிப்போடு அச்சிட்டு வெளியிடவும் ஆண்டு தவறாத நிதி வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைக் கல்லூரி அவ்வாறு நிலைத்தமையாலேயே சங்கீதபூஷணம் என்னும் பட்டத்தோடு ஈழத்து இளைஞரும் நங்கையரும் ஊர் திரும்பினர். நம் கிராமப் பாடசாலைகளிற் பண்ணிசையும் வீணையும் வயலினும் கற்பித்த ஆசிரியர் பலருடைய பெயரின் பின்னே அப்பட்டம் நின்றதை நம் பெரியோர் அறிவர். அரசினர் மானியம் இல்லாத கலை, செல்வர் மாளிகையிலே தங்கிவிடும். செல்வர் ஊக்கம் இல்லாத கலையோ, அலுவலகக் கோப்பிலே உறங்கிவிடும்.

செல்வம் போயிற்று, கல்வி நின்றது

ராஜா சேர் அண்ணாமலைச் செட்டியார் 1948 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15 ஆந் தேதி இவ்வுலக வாழ்வை நீத்தார். அவ்வாண்டு அவருடைய குலத்தார் எல்லார்க்கும் ஒரு திருப்பமாக அமைந்தது. 1942 இல் யப்பானியப் படை பர்மாவினுட் புகுந்தபோதே செட்டிமார் பலர் பேரேட்டை மட்டும் கையிலெடுத்துக்கொண்டு கால்நடையாய்த் தப்பி வந்திருந்தனர். 1948 சனவரியிற் சுதந்திரம் பெற்ற பர்மா, அதே ஆண்டில் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது. தலைமுறை தலைமுறையாகத் தேடிய வயல்களும் கடன் பத்திரங்களும் கைவிட்டுப் போயின. ஐராவதிக் கரையிற் போட்ட முதல் மீளவில்லை. தில்லைக் கரையிற் போட்ட முதலோ ஆண்டுதோறும் பட்டதாரிகளை ஈன்றுகொண்டே இருந்தது. இதனைவிடத் தெளிவான ஐந்தொகைக் கணக்கை எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதிக் காட்ட முடியாது.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. காலம் செல்லச் செல்லப் பல்கலைக்கழகம் மிகப் பெரிதாயிற்று. மருத்துவமும் பொறியியலும் சேர்ந்தன. அலுவலர் தொகை அளவிறந்து பெருகிற்று. 2012 ஆம் ஆண்டு அது கடும் நிதி நெருக்கடியுற்று, ஆசிரியரும் ஊழியரும் போராடும் நிலை வந்தது. 2013 இல் தமிழ்நாட்டு அரசினர் புதுச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டனர். மிகையான ஊழியர் பலர் பிற அரச நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் அரசக் கல்லூரிகளுக்கு உள்ள கட்டணமே வேண்டும் என்று மாணவர் போராடிய பின்னர், 2021 இல் அக்கல்லூரி அரசின் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. நிறுவனர் குடும்பத்தாரின் தனிப் பதவி முடிவுற்றது. நிறுவனர் பெயர் மட்டும் வாயிலில் நிலைத்து நிற்கின்றது.

இதைக் கண்டு சிலர், செல்வர் நடத்தினாற் கெடும், அரசே நடத்தல் வேண்டும் என்பர். அரசு இலவசமாய்க் கொடுத்ததன் கேடு இது என்று அதற்கு மாறாகச் சொல்வாரும் உளர். இரு கூற்றும் பாதி உண்மையே. ஒரு வீட்டின் தோளில் ஏற்றிய பாரம் என்றோ ஒருநாள் இறக்கப்பட வேண்டியதே. அன்று அதைத் தாங்க அரசு என்னும் பொதுத்தோள் இருந்தமையாற் பல்லாயிரம் மாணவரின் படிப்பு தெருவில் நிற்கவில்லை. அப்பொதுத்தோளுக்கு வலிவு தருவது வரியன்றி வேறு யாது?

நமக்கு உரிய பாடம்

நம் நாட்டுப் பாடசாலைகளின் வரலாறும் இதையே கூறும். மிசன் பாடசாலையொன்றிற் பயின்றவன் நான். அதன் மண்டபங்களை எழுப்பியது கடல் கடந்த அன்பர்களின் நன்கொடை. என் ஆசிரியர்களுக்கு மாதச் சம்பளம் தந்தது அரசு. சைவப் பெரியோர் நிறுவிய பாடசாலைகளும் இவ்வாறே உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளாக வளர்ந்தன. காணி கொடுத்தவர் ஒருவர். கட்டடம் கொடுத்தவர் ஒருவர். நாள்தோறும் விளக்கெரிய எண்ணெய் வார்த்தது பொதுப்பணம். 1945 இல் இலவசக் கல்வித் திட்டம் வந்தபின்னரே, காணியும் கொடையாளரும் இல்லாத ஊரின் பிள்ளைக்கும் பல்கலைக்கழக வாயில் தெரியலாயிற்று. கொடை, கொடையாளர் இருக்கும் ஊருக்கே வரும். உரிமையோ எல்லா ஊருக்கும் வரும்.

அரசினர் பணம் வரும்போது அரசினர் கையும் உடன் வரும் என்று பெரியோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வீணன்று. 1970 களிற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் முறையால் நம்மவர் பிள்ளைகள் பட்ட துயரை யார் மறப்பர்? ஆனால் அதற்கு மருந்து, அரசின் பங்கை நிறுத்திவிடுதல் அன்று. பொதுப்பணம் நியாயமாகச் செலவாகின்றதா என்று கேட்கும் குரல் ஓங்குதலே மருந்து. வரி செலுத்தும் வணிகனுக்கு அக்குரலில் உரிமை மிகுதி. கொடுக்கமாட்டேன் என்பவனுக்குக் கேட்கும் உரிமை குறையும். கொடுத்தேன், கணக்குக் காட்டு என்பவனுக்கு மறுமொழி சொல்லாமல் எந்த அரசும் நெடுங்காலம் இருத்தல் அரிது.

வணிகப் பெருமக்கள் தம் நலன் கருதியும் இதனை ஆதரித்தல் தகும். கணக்கெழுதத் தெரிந்தவரும், பொறி இயக்கத் தெரிந்தவரும், பிற மொழி பேசத் தெரிந்தவரும் இல்லாமற் கடை நடவாது, தொழிற்சாலை ஓடாது. அவர்களை ஆக்கித் தருவன பாடசாலைகளே. நோய் தீர்க்கும் மருத்துவர் இல்லாத ஊரில் முதலாளியும் வாழ இயலாது. கலை இல்லாத ஊரிலோ, வாழ்ந்தும் பயன் இல்லை. ஊர் நடுவே நீர் நிறைந்த குளம் இருந்தாற் கரையிலுள்ள எல்லார் வயலுக்கும் ஈரம் உண்டு. குளத்துக்கு மண் சுமந்தவன் வயலுக்கும் உண்டு.

ஆதலால் அண்ணாமலைச் செட்டியார் வாழ்வு நமக்கு உணர்த்துவது இது. கொடுக்கக்கூடியவர் முன்னே கொடுத்தல் வேண்டும்; அரசு எண்ணாத பணியை எண்ணித் தொடங்கல் வேண்டும். தொடங்கியபின் அதனைத் தம் வீட்டுச் சொத்தாக வையாது பொதுவில் ஒப்புவித்தல் வேண்டும். ஒப்புவித்தபின் அதற்கு வேண்டும் வரியை முகங்கோணாது செலுத்தி, அது செல்லும் வழியை விழித்திருந்து காத்தல் வேண்டும். முதல் இரண்டினையும் செட்டியார் பெரிதும் செய்து காட்டினார். பொதுவில் ஒப்புவிப்பதில் நின்ற குறையைக் காலம் 2013 இல் நிறைவேற்றிற்று. மூன்றாவது நம் காலத்து வணிகர்க்கும், நாளை வணிகராகப் போகும் நம் சங்கத்து இளைஞர்க்கும் எஞ்சியுள்ள பணி.

இம்மலரின் பின்பக்கங்களைப் புரட்டுவோர் அங்கே நகைக்கடை, புடவைக்கடை, பலசரக்குக்கடை, அச்சகம் எனப் பல நிலையங்களின் விளம்பரங்களைக் காண்பர். அவ்வன்பர்களின் உதவி இன்றேல் இம்மலர் அச்சேறியிராது. அவர்களுக்கு நம் நன்றி என்றும் உரியது. அவர்களிடம் இளைஞராகிய நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. நம் ஊர்ப் பாடசாலைக்கும் நூலகத்துக்கும் இசை வகுப்புக்கும் அரசின் நிதி குறைக்கப்படும் என்ற பேச்சு எழும் நாளிலே, இவ்விளம்பரம் தந்த கைகளே முதலில் உயர்ந்து அது வேண்டாம் என்று சொல்லுதல் வேண்டும். விளம்பரத்தின் பயன் ஓராண்டு நிற்கும். அந்த ஒரு சொல்லின் பயன் ஒரு தலைமுறை நிற்கும்.